சிவப்பு, மஞ்சள், வெள்ளை

எங்கள் டிவிக்குப் பின்னால் ஓட்டைகள் மூன்றே மூன்று. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. கேபிள்காரன் தந்த பெட்டியின் வயர்கள் அந்த மூன்றிலும் செருகியிருக்கும். வேறு எதையாவது டிவியில் ஓட்ட வேண்டுமென்றால் அவற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் செருக வேண்டும். இதை அன்றைக்கே எடுத்துச் சொன்னவர் என் புருஷன். கேட்காதவள் நான்.

என் பெயர் ரெஜிஷா. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை. புருஷன் ஜஸ்டசுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் இருந்தது. அதில் அவரும் அவருடைய அக்காள் ராகேலின் புருஷன் யேசுதாசனும் தொழிலுக்குப் போவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இறக்கினால் மறுநாள் விடியும்போது கரை. எங்களுக்கு ஒரே மகள், பிரிஜா. அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. பிரிஜாவின் காதுக்கு எட்டவே கூடாது. அந்த ஒன்றைத் தவிர எனக்கு இப்போது பெரிதாக எந்த வேண்டுதலும் கிடையாது.

அந்த வருஷம் அவள் கோயிலில் நடக்கிற மறைக்கல்வித் தேர்வில் எங்கள் பங்கிலேயே முதலாவதாக வந்தாள். அடுத்த மே மாதம் புதுநன்மை எடுக்க, பூசையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்க வேண்டிய பிள்ளை. ஜெபங்கள் அத்தனையும் தண்ணீர் பட்ட பாடு. ஜஸ்டஸ் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “என்ன வேணும் மக்கா, கேளு” என்றார். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “டிவி கேம்” என்றாள்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து பஸ் ஏறிக் கன்னியாகுமரிக்குப் போனோம். சைனா சாமான் வாங்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் அங்கேதான் போவார்கள். சங்கும் பாசிமணியும் விற்கிற கடைகளுக்கு நடுவே பொன்னுலிங்கம் என்பவரின் கடை. டார்ச், ரேடியோ, குடை, பொம்மைக் கார் என்று கூரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு வாய் ஓயவே ஓயாது.

“கேசட் போடுறது வேண்டாம் அண்ணாச்சி. எடுத்து எடுத்து ஊதியே பிள்ளைக்கு நெஞ்சு வலி வந்துரும். பின்ன ரெண்டு இருக்கு. இந்தா, இது கையில வச்சு விளையாடுறது. திரை இதிலேயே உண்டு, டிவி வேண்டாம். இது டிவியில சொருகினா ஓடும், ரெண்டு பேரு சேந்து விளையாடலாம். முந்நூறு கேம்.”

முந்நூறு என்று பெட்டியிலும் போட்டிருந்தது. பிரிஜா பிற்பாடு உட்கார்ந்து எண்ணினாள். பத்தொன்பது ஆட்டம்தான், பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான்கள்.

ஜஸ்டஸ் கையில் வைத்து விளையாடுகிறதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போதும்ட்டி” என்றார். “டிவி நமக்கு வேணும்லா. நம்ம டிவிக்கு இருக்கியது ஒரு செட்டு ஓட்ட. இத சொருகணும்னா கேபிள் வயர ஊரணும்.”

அவர் எதற்காகச் சொன்னார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஏழு மணிச் செய்தி என் வேலை. அவர் வலை போடுகிற இடத்தில் ஏழே முக்கால்வரை போனில் டவர் இருக்கும். அதற்கப்புறம் இன்னும் தள்ளிப் போய்விடுவார்கள், விடியும்வரை ஒன்றும் கிடைக்காது. அதனால் ஏழு மணிக்கு நான் செய்தியைப் பார்த்து, காற்றென்றோ மழையென்றோ ஏதாவது சொன்னால் உடனே கூப்பிட வேண்டும். அவர் பேச்சை வளர்க்கமாட்டார், வள்ளத்தைத் திருப்பிவிடுவார். பத்து வருஷத்தில் நான்கு தடவை அப்படி வெறும் கையோடு வந்திருக்கிறார். அதில் மூன்று தடவை காற்றே வரவில்லை. ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. எங்கள் கரையில் பாதி வீடுகளில் இப்படித்தான், பெண்டாட்டிகள்தான் காற்றுக்குக் காவல்.

இத்தனையும் தெரிந்துதான் நான் வாயைத் திறந்தேன். “அந்தப் பொட்டுத் திரையைக் குனிஞ்சு பாத்துப் பாத்து பிள்ளைக்க கண்ணு அவிஞ்சு போவும். செய்தி நேரத்துக்கு வயர மாத்திப் போட எனக்குத் தெரியாதாக்கும்?”

கண் என்று நான் சொன்னது சும்மா. எனக்கு ஆசை, அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் படிக்கிறபோது பக்கத்து வீட்டில் டிவி கேம் இருந்தது. பையன்கள் வட்டமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். ஒரே ஒரு தடவை தாருங்கள் என்று கேட்டதற்கு, போய்ச் சட்டி கழுவு என்றான் ஒருத்தன். முப்பது வயதாகியும் அந்தக் கோபம் எனக்குள் அப்படியே கிடந்தது. இரண்டு பேர் விளையாடலாம் என்று பொன்னுலிங்கம் சொன்னதுமே நான் முடிவு செய்துவிட்டேன்.

ஜஸ்டஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “பிள்ளைக்குன்னு சொல்லி உனக்காக்கும் வாங்குக” என்றார்.

கடை டிவியில் போட்டுக் காட்டினார்கள். டாங்கி சண்டை. ஜஸ்டஸ் ஒரு கை பார்த்தார். டாங்கி இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவரும் உடம்போடு இடது பக்கம் சாய்ந்தார். கண்மூடித் திறப்பதற்குள் வெடித்துப் போனது. “கடல்ல எப்படி அண்ணாச்சி ஓட்டுறிய?” என்று பொன்னுலிங்கம் கேட்டார். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். பிரிஜா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதினைந்து நாள்போல நன்றாகத்தான் போனது. நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். ஆறே முக்கால் ஆனால் எழுந்து, விளையாட்டு வயரைப் பிடுங்கி கேபிள் வயரைச் செருகுவேன். பிரிஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். செய்தி முடிந்ததும் மறுபடி மாற்றுவேன். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று எனக்கே பெருமை.

நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை. வானம் தெளிவாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு யேசுதாசன் அண்ணன் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். ஜஸ்டஸ் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, “ஏழு மணிக்குப் பாத்துக்க” என்றார்.

“பாக்கேன்.”

“அந்த வயரு...”

“பாக்கேன்னு சொன்னேம்லா, எத்தன மட்டம் சொல்லணும்?”

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அன்று சாயங்காலம் நானும் பிரிஜாவும், அதுவரை நாங்கள் தாண்டாத ஒரு கட்டத்தில் ஏறிவிட்டோம். எனக்கு அவ்வளவு உற்சாகம். நடுவில் சோறு பொங்கி அடுப்பில் வழிகிற மணம் வந்தது. “நிறுத்தி வை மக்கா, இப்பம் வாறேன்” என்று அடுக்களைக்குப் போனேன். அடுப்பைத் துடைத்து, சோற்றை வடித்து, கை கழுவித் திரும்ப வந்தேன். டாங்கிகள் நின்ற இடத்தில் நின்றன. உட்கார்ந்தேன். மணியைப் பார்க்கவில்லை. கடிகாரம் என் தலைக்கு நேர்மேலே சுவரில் தொங்கியது. நான் நிமிரவில்லை.

அந்தக் கட்டத்தை நாங்கள் முடித்தோம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. எட்டு இருபது.

வயரை மாற்றினேன். டிவித் திரையின் அடியில் சிவப்பாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தபோது ஒன்பது மணி ஆகியிருந்தது. விடியற்காலையில் காற்று வந்தது. எங்கள் தெருவில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. அதையெல்லாம் நான் பார்த்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் கரையில் அன்று இறக்கியதே நாலைந்து வள்ளம்தான், அதில் ஒன்றுதான் முழுசாகத் திரும்பியது. கிளீட்டஸ் என்பவனுடையது. அவன் பெண்டாட்டி ஏழே காலுக்குப் போன் செய்தாள், அவன் திருப்பிவிட்டான். அவன் வலை கிடந்தது மேற்கே, எங்களவர்கள் தெற்கே. கரைக்குப் பாதி வழி வந்தபிறகு அவனும் ஜஸ்டசைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், எட்டு மணிக்கு. கிடைக்கவில்லை. ஏழே காலுக்குக் கிடைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் எங்கள் வள்ளத்தின் முன்பாதி மட்டும் கரை ஒதுங்கியது. ஜஸ்டசும் யேசுதாசன் அண்ணனும் வரவேயில்லை. படத்தை வைத்துப் பூசை செய்தோம்.

ராகேல் மைனிக்கு ஒரே நாளில் தம்பியும் போய்ப் புருஷனும் போனார். அவள் என் வீட்டு வாசலில் நின்று, தெரு முழுக்கப் பார்க்கக் கேட்டாள். “ஏழு மணிச் செய்தி பாக்கலியாட்டி நீ? கிளீட்டசுக்க பொண்டாட்டிக்குக் கண்ணு தெரிஞ்சுதே, உனக்க கண்ணு எங்க போச்சு?”

பிரிஜா என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். விளையாடிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி யாருடைய விளையாட்டு என்றுதான் வரும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எவளாவது ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே, நீ விளையாடித்தானே உன் அப்பன் செத்தான் என்பாள். எங்கள் கரையில் நாக்குக்குப் பஞ்சம் கிடையாது.

“சீரியல் பாத்திட்டிருந்தேன் மைனி” என்றேன். “மறந்து போனேன்.”

ராகேல் மைனி என் முகத்தில் துப்பினாள். நான் துடைக்கவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து ஊர் முழுவதற்கும் நான் சீரியல் பார்த்துப் புருஷனைக் கொன்றவள். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். விளையாட்டுப் பெட்டியை ஒரு கிழிந்த வலைக்குள் சுருட்டிப் பரணில் போட்டேன். பிரிஜா அது எங்கே என்று கேட்கவே இல்லை. பிள்ளைக்கு அந்த நினைப்பே வரவில்லை, மாதாவே உனக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டேன். என்னைப்போல் மடச்சி உண்டா?

அவள் டிவி பார்ப்பதை விட்டாள். சாப்பாடு குறைந்தது. பள்ளிக்கூடத்தில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வாசிப்பதில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்பா போன துக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஏப்ரல் கடைசியில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குவது. அதைச் செய்யாமல் நன்மை எடுக்க முடியாது. சனிக்கிழமை காலையில் தலை சீவிவிடக் கூப்பிட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொண்டு, “நான் போவமாட்டேன்” என்றாள்.

“ஏம்ட்டி?”

“போவமாட்டேன். எனக்குப் புதுநன்மை வேண்டாம்.”

“வெள்ளச் சட்ட தைக்கக் குடுத்தாச்சு. ஊரு சிரிக்கிறது போதாதா? எழும்பு.”

அவள் எழும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, “எனக்க பாவம் பெருசும்மா, அத ஃபாதர்கிட்ட சொல்ல முடியாது” என்றாள்.

ஒன்பது வயதில் என்ன பெரிய பாவம்? பக்கத்தில் உட்கார்ந்தேன். “அம்மாகிட்ட சொல்லு” என்றேன்.

“நான் அத வாசிச்சேன்.”

“எத மக்கா?”

“டிவியில ஓடினத. நீ சோறு வடிக்கப் போனியே, அப்பம் மணி ஏழு ஆயிருந்து. அப்பா சொன்னாருல்லா, அதனால நானே வயர மாத்திப் போட்டேன். செவப்பு எழுத்து ஓடிச்சு. மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது, போனவங்க கரைக்குத் திரும்பணும்னு. முழுசும் வாசிச்சேன்.”

“பின்ன?”

“சொன்னா நீ போன் போடப் போயிருவ. பிறகு விளையாட வரமாட்ட. நீ சிரிச்சிட்டிருந்த அம்மா. அந்தக் கட்டம் முடியட்டும், பிறகு சொல்லலாம்னு வயரத் திரும்ப மாத்திட்டேன். பிறகு நான் மறந்துட்டேன்.” அப்போதும் அவள் அழவில்லை. “நான்தானே அப்பாவக் கொன்னேன்?”

ஐந்து மாதமாக நான் வாசலில் காவல் இருந்தேன். அந்தப் பழியோ வீட்டுக்குள்ளே என் பிள்ளையோடு படுத்து எழுந்திருக்கிறது. ராகேல் மைனி துப்பியபோது வராத அழுகை இப்போது வந்தது. அழுதால் பிரிஜா சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அடக்கிக்கொண்டேன்.

நீ சின்னப் பிள்ளை, உன்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதை அவள் நம்பமாட்டாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும். கணக்குத் தப்பினால் பிடித்துவிடுகிற பிள்ளை. ஏழு மணிக்கு டவர் இருந்தது, கிளீட்டஸ் திரும்பினான், அவ்வளவும் அவளுக்குத் தெரியும்.

“நானும் அத வாசிச்சேன் மக்கா” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ வயர மாத்தும்ப நான் அடுக்கள வாசல்ல துணியோட நின்னேன். எழுத்து ஓடினதக் கண்டேன். உடனே உள்ள போயி அப்பாவுக்குப் போன் போட்டேன். அதான் சோறு வடிச்சு வர அவ்வளவு நேரமாச்சு.”

“அப்பா எடுத்தாரா?”

“எடுத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“வல போட்டாச்சு, இழுத்திட்டு வாறேன்னாரு. இப்பமே வாங்கன்னு சொன்னேன். ஒண்ணும் வராதுட்டின்னு வச்சிட்டாரு. நானும் அத நம்பித்தான் விளையாட வந்தேன், எட்டு மணிக்கு மேல பயம் வந்து திரும்பப் போட்டப்பம் டவர் இல்ல.”

அவள் அதோடு விடவில்லை. நான் நினைத்த இடத்துக்கே வந்தாள். “பின்ன ஏன் மாமிகிட்ட சீரியல் பாத்தேன்னு சொன்ன?”

“அப்பா கேக்கலன்னு சொன்னா மாமி அப்பாவத் திட்டுவா. யேசுதாசன் மாமா போனதும் அப்பாவாலன்னு சொல்லுவா. செத்தவருக்குப் பதில் சொல்ல முடியுமா? என்னத் திட்டட்டும், எனக்கு வாய் இருக்கு. நீயும் ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது.”

“வேற என்ன சொன்னாரு?”

இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன். “பிரிஜா என்ன செய்யுகான்னு கேட்டாரு. விளையாடுகான்னேன். விளையாடட்டும்னாரு.”

அப்போதுதான் அவள் அழுதாள். ஐந்து மாதத்து அழுகையையும் என் மடியில் வைத்து அழுதாள். பிறகு முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு, கோயிலுக்குப் போனாள். பார்த்ததைச் சொல்லாமல் மறைத்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பாள். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்கள் என்று வந்து சொன்னாள். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மே மாதம் முதல் ஞாயிறு புதுநன்மை. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. கோயிலுக்கு இறங்குமுன் பெற்றவர்களிடம் முழங்காலிட்டு ஆசி வாங்குவது எங்கள் வழக்கம். என்னிடம் வாங்கினாள். நெற்றியில் சிலுவை போட்டேன். “அப்பாகிட்டயும் வாங்கு மக்கா” என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டினேன்.

அவள் படத்துக்கு முன்னால் நின்றாள். முழங்காலிடவில்லை.

“நீ போன் போட்டியே” என்றாள். “பின்ன ஏன் அப்பா வரல? அப்பாவுக்கு நம்மளவிட வலயா பெருசு?”

பத்து வருஷம், நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பேச்சை வளர்க்காமல் வள்ளத்தைத் திருப்பிய மனுஷன். அவர் படத்துக்கு முன்னால் நின்று அவர் மகள் இதைக் கேட்கிறாள். நான் வாயைத் திறந்தால் போதும், அவருக்கு அவர் மகள் திரும்பக் கிடைப்பாள். மகளுக்கு அந்தச் சிவப்பு எழுத்தும் திரும்பக் கிடைக்கும். “நேரமாச்சு, வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன தேவை என்று அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான்தான். செய்த பாவத்துக்காக மனஸ்தாபப்பட வேண்டும், இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். புதுநன்மைக்கு முந்தின நாள் நானும் போய் வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன். சொன்ன பொய்க்கு எனக்கு மனஸ்தாபம் இல்லை. நாளைக்கு அவள் கேட்டால் நாளைக்கும் சொல்வேன். ஜஸ்டசிடம் மட்டும் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. பிள்ளைகளோடு, பாவசங்கீர்த்தனம் செய்திருந்த பெற்றவர்களும் எழுந்து போனார்கள். அடுத்த பெஞ்சிலிருந்து ராகேல் மைனி எழுந்தவள், நான் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்து, பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பிரிஜா கைகூப்பியபடி நடையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வா என்று கண்ணால் கூப்பிட்டாள். நீ போ என்று தலையசைத்தேன். அவள் தனியாகப் போய் வாங்கிக்கொண்டாள்.